மெலிதலும் நலிதலும்

எங்கட ஊர்களில் ஒருவரை நெடுநாளைக்குப் பிறகு காணும்போது "உடம்பு வெச்சிருக்கு, மாஷா அல்லாஹ்" என்று சொன்னால் அது பாராட்டு. "என்ன, மெலிஞ்சி போயிட்டீங்க?" என்று கேட்டால் அது கவலை. அறுபதைத் தாண்டிய உம்மாவோ வாப்பாவோ மெலிந்துவிட்டால், பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயமும் அந்தக் கவலைக்குள் ஒளிந்திருக்கும். அதே உம்மா மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றுக்கும் மருந்து எழுதிவிட்டு, டொக்டர் கடைசியாக ஒரு வசனம் சொல்கிறார்: "நிறையைக் கொஞ்சம் குறைங்க." எவ்வளவு, எப்படி, எதை விட்டு, எத்தனை மாதத்தில் என்று விளக்க அவருக்கு நேரமில்லை. வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

அந்த ஒரு வசனத்தோடு வீடு திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு வழியைப் பிடிக்கிறார்கள். ஒருவர் இராச்சோற்றை நிறுத்திவிட்டு, நாலு பிஸ்கட்டும் தேத்தண்ணியுமாகப் படுத்துவிடுகிறார். இன்னொருவர் சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் ரொட்டி என்று தொடங்கி, கணக்கில்லாமல் சாப்பிடுகிறார். வேறொருவர் பக்கத்து வீட்டார் சொன்ன கஷாயத்தை வெறும் வயிற்றில் குடிக்கிறார். மீதிப்பேர் ஒன்றும் செய்வதில்லை. "இந்த வயசில இனி மெலிஞ்சி என்னத்துக்கு?" என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு மருத்துவ ஆய்வுகள் தெளிவான பதில்களைத் தந்திருக்கின்றன. அவை எங்கட குசினிகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

தமிழ் படிப்பிக்கும் எனக்கு, இந்தக் குழப்பத்தில் சொற்களுக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றுகிறது. "சதை போட்டிருக்கு" என்றால் கொழுப்புக் கூடியிருக்கிறது என்று பொருள். "சதை வத்திப் போச்சு" என்றால் தசை குறைந்துவிட்டது என்று பொருள். ஒரே 'சதை'தான் இரண்டுக்கும். 'மெலிதல்' என்ற சொல்லும் அப்படியே: கொழுப்புக் கரைந்தாலும் மெலிதல், தசை கரைந்தாலும் மெலிதல். ஆனால் இரண்டாவதற்கு நம்மிடம் வேறொரு நல்ல சொல் உண்டு: நலிதல். பிற்காலத்தில் நாள்பட்ட நோய்களோடு வாழ்கிறவர் மெலியலாம். பலர் மெலியத்தான் வேண்டும். ஆனால் நலியக் கூடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இலகுவாக விளங்கும்.

தராசு காட்டாத கணக்கு

நாற்பது வயதளவில் இருந்து உடலின் தசை மெதுவாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. 1989இல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் இதற்கு 'சார்க்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கச் சொற்களால் ஆன அந்தப் பெயருக்குச் சதை குறைதல் என்பதே பொருள். நிறை மாறாமலே இது நடக்கும். நாற்பது வயதில் 65 கிலோ இருந்தவர் அறுபத்தைந்திலும் அதே 65 கிலோ இருக்கலாம். உள்ளே தசை போன இடத்தைக் கொழுப்புப் பிடித்திருக்கும். தராசு இதைக் காட்டாது.

தசை என்றால் பாரம் தூக்கும் வாலிபர்களின் விஷயம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அதே சோறு, அதே மாத்திரை, ஆனால் சீனி ஏறும். விழாமல் நடக்க, மலசலகூடத்தில் இருந்து எழும்ப, பேரப்பிள்ளையைத் தூக்க, படியேற எல்லாவற்றுக்கும் அதுதான் மூலதனம். விழுந்து இடுப்பெலும்பு உடைந்த ஒருவர் அதற்குப் பிறகு எப்படி ஒடுங்கிப் போகிறார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் கண்டிருக்கும்.

சாப்பாட்டை மட்டும் குறைத்து மெலிகிறவர் இழக்கும் ஒவ்வொரு நாலு கிலோவிலும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பு அல்லாத பகுதி. அதில் தசையும் சேரும். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் போன நிறை திரும்பி வரும். வருவது பெரும்பாலும் கொழுப்பு. இப்படி இரண்டு மூன்று முறை மெலிந்து பருத்தவர், தொடங்கிய நிறையிலேயே நின்றாலும் முன்பைவிடப் பலவீனமாக இருப்பார்.

2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன பருத்த உடல்காரர் 107 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். நாலாவது குழு வழமை போல. உணவுக் குழுவும் இரண்டும் சேர்ந்த குழுவும் ஏறத்தாழ ஒரே அளவே மெலிந்தன. ஆனால் எழும்புவது, நடப்பது, படியேறுவது போன்ற வேலைகளை வைத்துச் சோதித்தபோது, உணவு மட்டும் குறைத்தவர்களின் இயக்கம் 12 வீதமும், பயிற்சி மட்டும் செய்தவர்களுடையது 15 வீதமும், இரண்டையும் செய்தவர்களுடையது 21 வீதமும் முன்னேறியிருந்தது. கொழுப்பு அல்லாத எடையில் உணவுக் குழு 5 வீதம் இழந்தது. சேர்ந்த குழு 3 வீதமே இழந்தது.

எவ்வளவு குறைத்தால் போதும்?

150 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய உடற்திணிவுச் சுட்டி 32. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அந்த 23ஐ எட்ட வேண்டுமானால் இவர் 20 கிலோ குறைக்க வேண்டும். அதைக் கேட்டதும் யாருக்கும் கை விட்டுப்போகும்.

நல்ல செய்தி என்னவென்றால், அவ்வளவு தேவையில்லை. நிறையில் 5 முதல் 7 வீதம் குறைந்தாலே உடலுக்குள் பல மாற்றங்கள் நடக்கின்றன. இந்தப் பெண்ணுக்கு அது மூன்றரை முதல் ஐந்து கிலோ. சீனி வருத்தத்தின் எல்லையில் நின்ற 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. 7 வீத நிறைக் குறைப்பு, கிழமைக்கு 150 நிமிட நடை என்ற இலக்கோடு பழக்கவழக்கத்தை மாற்றியவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது 58 வீதத்தால் குறைந்தது. மெட்போமின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 31 வீதம். அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத் தனியாகப் பார்த்தால் அந்த 58, 71ஆக உயர்ந்திருந்தது. "இந்த வயசில என்னத்துக்கு?" என்று கேட்பவருக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

சீனி வருத்தம் வந்துவிட்டவருக்கு? 2017இல் பிரித்தானியாவில் வெளியான 'டைரெக்ட்' ஆய்வில், நோய் கண்டு ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில் 46 வீதமானோர் ஒரு வருடத்தின் பின் சீனி மருந்து இல்லாமலே நோயற்ற அளவுக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 வீதம். ஆனால் அவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் மாதக்கணக்கில் திரவ உணவில் இருந்தவர்கள். இதை வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். சீனி வருத்தமுள்ள 5,145 பேரை ஏறத்தாழ பத்து வருடம் தொடர்ந்த 'லுக் அஹெட்' ஆய்வு 2013இல் வெளியானபோது, மெலிந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அது காட்டவில்லை. நடமாட்டம், தூக்கத்தில் மூச்சு அடைபடுதல், சிறுநீரகம் ஆகியவற்றில் நன்மை இருந்தது. மருந்துகளின் தேவையும் குறைந்தது. ஆகவே மெலிவது மருந்துக்குத் துணை. அதற்குப் பதிலாகிவிடாது. கொலஸ்ட்ரோல் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் தூக்கி வீசிவிட்டு நடையை மட்டும் நம்புவது ஆபத்து.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. முழங்கால் தேய்வுள்ள முதியவர்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வொன்றில், உடலில் ஒரு கிலோ குறையும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறைவதாகக் கண்டார்கள். ஐந்து கிலோ மெலிந்தவரின் முழங்கால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ பாரத்தில் இருந்து தப்புகிறது.

எதை வைத்து அளப்பது?

தராசை முதலாவதாக வைக்க வேண்டாம். முதலாவது அளவுநாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றைச் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு ஆண் 90 சென்ரிமீற்றர், பெண் 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. ஈரலையும் குடலையும் சுற்றித் தேங்கும் வயிற்றுக் கொழுப்புத்தான் சீனிக்கும் பிரஷருக்கும் நெருங்கிய உறவு. நிறை அசையாமல் நின்று இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், அது வெற்றி.

இரண்டாவது, கதிரை. கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றைச் சுவரோடு சாய்த்து வைத்து, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை முறை முழுவதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுங்கள். யாராவது பக்கத்தில் நிற்கட்டும். அமெரிக்காவில் பயன்படுத்தும் அளவுகோலில், 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைவும் ஆணுக்கு 14க்குக் குறைவும் வந்தால் கால்பலம் போதாது. 70 முதல் 74 வயதில் பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12.

எங்களுக்கு இன்னுமோர் அளவுகோல் நாளாந்தம் கையில் இருக்கிறது. ஸுஜூதில் இருந்து கையை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா? போன வருடம் முடிந்து இந்த வருடம் முடியவில்லையா? பள்ளிவாசல்களில் பின் வரிசைக் கதிரைகள் கூடிக்கொண்டு வருவதை எல்லோரும் காண்கிறோம். இயலாதவருக்கு அது மார்க்கம் தந்த சலுகை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிலத்தில் குந்துவதையே நிறுத்திவிட்ட உடம்பு, கொஞ்ச நாளில் நிலத்தில் இருந்து எழும்புவதை மறந்துவிடும். கதிரையில் போய் அமர்வதற்கு முன், இது முழங்கால் தேய்வா, அல்லது தொடைத் தசையின் பலவீனமா என்று ஒருமுறை டொக்டரிடமோ பிசியோதெரபி பிரிவிலோ கேட்டுப் பார்ப்பது நல்லது. பலவீனம் என்றால் அதைத் திருப்பிப் பெற முடியும்.

பீங்கானில் செய்யும் மாற்றம்

சமைத்த சோறு ஒரு கப் ஏறத்தாழ 200 கலோரி. வழமையாகப் பகலில் மூன்று கப் போடுகிறவர் ஒன்றரையாகக் குறைத்தால் 300 மிச்சம். நாளைக்கு மூன்று தேத்தண்ணியில் இரண்டு கரண்டி வீதம் சீனி போடுகிறவர் அதை விட்டால் 120 மிச்சம். பொரியலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் குறைந்தால் இன்னொரு 120. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டது. பட்டினி கிடக்கவும் இல்லை, ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தவும் இல்லை. இந்த அளவில் கிழமைக்குக் கால் முதல் அரைக் கிலோ வரை இறங்கும். போகப் போக வேகம் குறையும். பிற்காலத்தில் அதைவிட வேகம் வேண்டாம்.

சிவப்பரிசியும் குரக்கனும் வெள்ளை அரிசியைவிட நல்லவை. ஆனால் அவையும் மாச்சத்துத்தான். "குரக்கன்தானே" என்று ஐந்து ரொட்டி சாப்பிட்டால் சீனி ஏறும். பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு வகை என்று பிரித்துக்கொள்வது இலகுவான வழி. தேங்காய்ப்பாலை முற்றாக விட வேண்டியதில்லை. முதற்பாலைக் குறைத்தால் போதும். உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. கருவாடு, அச்சாறு, சூப் கட்டி ஆகியவற்றில் இருக்கும் உப்பும் அந்தக் கணக்குக்குள் வரும். பழத்தைச் சாறாக்காமல் பழமாகவே சாப்பிட வேண்டும்.

இனி எங்கட வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். மீன் கறி பகிரும்போது நடுத்துண்டு வீட்டு ஆண்களுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு. தலையும் வாலும் ஆணமும் உம்மாவுக்கு. பிள்ளைகள் மிச்சம் வைத்த சோறும் வீணாகக் கூடாது என்று அவருடைய வயிற்றுக்கே போகிறது. இப்படி நாற்பது வருடம் போனால் என்ன நடக்கும்? வயிறு நிறையச் சோறு, கை நிறையக் கலோரி, ஆனால் தசைக்குத் தேவையான புரதம் போதாது. பார்வைக்குப் பருத்த உடம்பு. உள்ளே நலிந்த தசை. அந்த உம்மாவிடம் போய் "சாப்பாட்டைக் குறைங்க" என்றால், அவர் முதலில் குறைப்பது அந்த ஒரு துண்டு மீனைத்தான்.

முதியவர்களுக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று நிபுணர்கள் 2013இல் பரிந்துரைத்தார்கள். 60 கிலோக்காரருக்கு அது 60 முதல் 72 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு முட்டையில் 6, அவித்த கடலை ஒரு கப்பில் 14 கிராம் இருக்கிறது. இதை இரவுக்கு மட்டும் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். காலையில் இடியப்பமும் சொதியும் மட்டும் என்றால் புரதம் மிகக் குறைவு. ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேரட்டும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவருக்குப் புரதமும், செவ்விளநீர், வாழைப்பழம், கீரை போன்றவையும் எவ்வளவு என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

விருந்துகளும் இருக்கின்றன. ஸஹனில் ஐந்தாறு பேர் சேர்ந்து சாப்பிடும்போது தான் எவ்வளவு சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றுமை எங்கட அழகு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. முன்னால் உள்ள சோற்றில் தன் பங்கைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, இறைச்சியும் சலாதும் முதலில், மெதுவாக, என்று தொடங்கினால் அளவு பிடிபடும். வட்டிலப்பம் வந்தால் இரண்டு கரண்டி. "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று வற்புறுத்துவது எங்கட உபசாரம். சீனி வருத்தக்காரரை வற்புறுத்தாமல் விடுவதையும் உபசாரமாக எண்ணப் பழக வேண்டும். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு பற்றிய நபிமொழி எல்லோருக்கும் தெரியும். திருக்குறளில் 'மருந்து' என்ற 95ஆவது அதிகாரத்தைப் புரட்டினாலும், பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் சாப்பாட்டின் அளவையும் பசியறிந்து உண்பதையும் பற்றியே பேசுகின்றன.

தசைக்கு வேலை

நடை மட்டும் போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். அதற்கு ஜிம் தேவையில்லை. மேலே சொன்ன கதிரைச் சோதனையே சிறந்த பயிற்சி: எட்டுப் பத்து முறை எழும்பி இருந்து, சற்று ஆறி, மறுபடி ஒருமுறை. சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளி எடுப்பது இரண்டாவது. குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது மூன்றாவது. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவது நாலாவது. கிழமைக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஓய்வு நாள் விட்டு. மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். அடக்கினால் பிரஷர் ஏறும். இலகுவாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நடையை எப்போது நடப்பது என்பதற்கும் பதில் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சீனி வருத்தமுள்ள 41 பேரை, ஒரு காலத்தில் நாளுக்கு ஒருதரம் 30 நிமிடமும், இன்னொரு காலத்தில் ஒவ்வொரு பிரதான உணவுக்குப் பிறகும் 10 நிமிடமும் நடக்க விட்டார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது உணவின் பின் ஏறும் சீனி சராசரியாக 12 வீதம் குறைவாக இருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு 22 வீதம். "நடக்க நேரமில்லை" என்கிறவருக்கும் பத்து நிமிடம் கிடைக்கும்.

"பொம்புளைகள் எங்க நடக்கிற?" என்ற கேள்வி வரும். வளவைச் சுற்றி, வீட்டின் மேல் தட்டில், நீண்ட விறாந்தையில் நடக்கலாம். ஊரளவில் யோசித்தால், பாடசாலை மைதானங்கள் பின்னேரங்களில் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. கிழமைக்கு மூன்று நாள் ஒரு மணித்தியாலத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்க, பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் சேர்ந்து பேசினால் முடியாத காரியமில்லை. நடக்கும்போது சீனி வருத்தக்காரர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. காலில் உணர்வு குறைந்திருந்தால் கல்லோ முள்ளோ ஏறியதே தெரியாது. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்துப் பெட்டி

மெலியத் தொடங்குகிறவர் கட்டாயம் அறிய வேண்டியது இது. கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு குறைந்தாலும் தங்கட வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சோற்றைப் பாதியாக்கிவிட்டு அதே அளவு மருந்தைத் தொடர்ந்தால் சீனி ஆபத்தாக இறங்கலாம். வியர்த்தல், நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, பேச்சுக் குழறுதல் ஆகியவை அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

பிரஷர் மருந்தும் அப்படியே. நிறை இறங்கும்போது பிரஷரும் இறங்கும். பழைய அளவு கூடிப்போய், படுக்கையில் இருந்து எழும்பும்போது தலை சுற்றும். இரவில் மலசலகூடத்துக்குப் போகும்போது விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தைத் தானாகக் குறைக்கவும் கூடாது, மெலிவதை டொக்டரிடம் சொல்லாமல் இருக்கவும் கூடாது. கடைகளில் விற்கும் 'மெலிய வைக்கும்' பவுடர்களையும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் நோயாளிகள் தொடவே வேண்டாம்.

நோன்பு காலத்துக்குத் தனிக் கவனம் தேவை. ரமழானில் ஒன்று ஒன்றரைக் கிலோ குறைவதும், சில கிழமைகளில் அது திரும்பி வருவதும் பல நாடுகளின் ஆய்வுகளில் கண்ட விஷயம். இபாதத்தை மெலியும் திட்டமாக்க வேண்டியதில்லை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, சீனி வருத்தமுள்ளவர் நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே டொக்டரைக் கண்டு ஆபத்தின் அளவை மதிப்பிட்டு, மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. நோன்பிருக்கும்போது சீனி 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

தானாக மெலிந்தால்

இதுவரை பேசியது, விரும்பி முயன்று மெலிவதைப் பற்றி. முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருடத்துக்குள் நிறையில் 5 வீதத்துக்கு மேல் குறைந்தால், அது சந்தோசப்பட வேண்டிய விஷயமல்ல. கட்டுப்பாடில்லாத சீனி, தைரொய்ட், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமல் சாப்பிட முடியாமை என்று பல காரணங்கள் இருக்கலாம். அந்த இடத்தில், "என்ன மெலிஞ்சி போயிட்டீங்க?" என்று கேட்கும் ஊர்க்காரரின் கவலை மிகச் சரியானது.

வீட்டார் செய்ய வேண்டியது

அறுபத்தைந்து வயது உம்மாவால் தனியாக இதைச் செய்ய முடியாது. சமையல் எல்லோருக்கும் ஒன்று. எண்ணெயும் சீனியும் குறைய வேண்டுமானால் முழு வீட்டுக்கும் குறைய வேண்டும். மீனின் நடுத்துண்டு முதலில் உம்மாவின் பீங்கானுக்குப் போகட்டும். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பத்து நிமிடம் கூட நடக்கட்டும். மாதம் ஒருமுறை இடுப்பளவும் கதிரை எண்ணிக்கையும் நிறையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பதியட்டும். 2011 முதல் அரச ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து நடக்கும் 'ஹெல்தி லைஃப்ஸ்டைல்' நிலையங்களில் நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நோய் வருமுன் பார்த்துக்கொள்ள, நாற்பதைத் தொட்ட பிள்ளைகளும் அங்கே போகலாம்.

அடுத்த கிளினிக் நாளில் கூடப் போகிறவர் நாலு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். சோற்றைக் குறைத்தால் இந்த மருந்துகளில் எதன் அளவு மாற வேண்டும்? சிறுநீரகப் பரிசோதனை எப்படி இருக்கிறது, மீனும் முட்டையும் எவ்வளவு சாப்பிடலாம்? இந்த முழங்காலுக்கும் இதயத்துக்கும் எந்தப் பயிற்சி பொருந்தாது? ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தால் போதும்? டொக்டருக்கு நேரம் குறைவுதான். ஆனால் எழுதிக் கொண்டுவந்த கேள்விக்கு அவர் பதில் சொல்லுவார்.